திருப்பிப் போட்ட காட்சி

கவசன் படத்தின் ஏழாம் பாகத்துக்கு முதலில் வந்தது வெளியீட்டுத் தேதி. பிறகு சுவரொட்டி வந்தது. அதற்குப் பிறகு டிரெய்லர். கதை எல்லாவற்றுக்கும் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. கம்பெனியில் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. ஆறு பாகங்களாக அப்படித்தான் நடந்து வருகிறது.

டிரெய்லர் வெட்டும் அறையில் மூன்று பேர். அவர்களில் இளையவளுக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதை வெட்டினாலும் எங்கே வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எழுதியதைத் திரும்பப் படித்து, சரியாகத்தான் செய்தோமா என்று இன்னொரு தரம் சந்தேகப்படுவாள். அவளுடைய அண்ணன் அதே கம்பெனியில் சண்டைக் கலைஞன். கவசனாக நடிக்கும் நட்சத்திரத்துக்குப் பதிலாக முகமூடி போட்டுக்கொண்டு குதிப்பதும் உருளுவதும் அவன் வேலை. முட்டி இரண்டும் அகல விரிந்து தரையில் இறங்குவான் என்பதால் அவனுக்குத் 'தவளை' என்று பெயர். பதினோரு வருடத்தில் அவன் முகம் ஒரு படத்திலும் வந்ததில்லை.

ஆறாம் பாகம் வந்தபோது திரையரங்குகளில் பாதி இருக்கை காலி. வெளியே வந்தவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். தாளில் விதவிதமாக எழுதியிருந்தாலும் சாரம் ஒன்றுதான். எல்லாம் கம்ப்யூட்டர், எதையும் நம்ப முடியவில்லை, யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. படத்தில் அசலாக இருந்தது பின்வரிசையில் கேட்ட குறட்டைதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தாளை நகல் எடுத்து யாரோ கேன்டீனில் ஒட்ட, மதியத்துக்குள் கிழித்துவிட்டார்கள்.

ஏழாம் பாகத்தின் டிரெய்லரை வெட்டச் சொன்னபோது படம் இன்னும் எடுக்கப்படவில்லை. பயிற்சியின்போது பதிவு செய்த துண்டுகளை ஒரு மூட்டையாக அனுப்பியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில், கவசனின் உடுப்பில் ஒருவனைக் கயிற்றில் கட்டி இரும்புக் கோபுரத்தின் உச்சி வரை மேலே இழுக்கிறார்கள். இருபது மீட்டர், ஆறு நொடி. முட்டி விரிந்திருந்ததைப் பார்த்ததுமே அண்ணன் என்று கத்திரிக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனை எப்படியாவது டிரெய்லரில் சேர்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. காட்சியைத் திருப்பிப் போட்டாள். மேலே போனவன் இப்போது கீழே வந்தான். ஆறு நொடியை இரண்டு நொடியாகச் சுருக்கினாள். கயிற்றை அழித்தாள். இழுவை மெதுவாகத் தொடங்கியிருந்ததால், திருப்பியபோது விழுகிறவன் தரைக்கு ஒரு முழம் மேலே தானாக வேகம் குறைந்து அப்படியே நின்றான்.

டிரெய்லர் வெளியானதும் அதைப் பார்த்து ஊரே பேசியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கவசனைப் பற்றி நல்ல வார்த்தை வந்தது. எப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. வெட்டும் அறையின் பழக்கம் அது. செய்த வித்தையை வெளியே சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. முதல் தடவையாகப் பாராட்டு வந்தபோது அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, அலுவலக வாசலில் புதிய சுவரொட்டி தொங்கியது. முகமூடி போட்ட கவசன் ஒரு பக்கம், முகமூடி இல்லாத அண்ணன் மறுபக்கம். நடுவில் கொட்டை எழுத்தில் 'கம்ப்யூட்டர் தொடாத விழுதல். உண்மையான மனிதன். உண்மையான உயரம்.' கீழே, பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அந்தக் காட்சி அடுத்த வியாழக்கிழமை படமாக்கப்படும் என்று போட்டிருந்தது.

கத்திரி அதை இரண்டு தரம் படித்தாள். தேதியை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சுவரொட்டியின் சின்ன நகல் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், இவ்வளவு நாள் மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்ட தன் சித்தப்பாவுக்கு முதல் வேலையாகப் போட்டோ அனுப்பியதாகவும் சொன்னாள். முகமூடியைக் கழற்றியபோது மூக்குதான் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது என்று சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

அண்ணி உள்ளே போன சமயம் பார்த்து, கத்திரி குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

"அது விழுந்தது இல்லண்ணா. உன்ன மேல இழுத்ததத்தான் நான் திருப்பிப் போட்டேன்."

"எனக்குத் தெரியாதா பாப்பா? நான் அப்படி விழவே இல்லையே. ஏதோ கம்ப்யூட்டர்ல பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்றது?" என்றான் அவன். பிறகு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் மாட்டேன்னா வரிசையில பதினஞ்சு பேர் நிக்கிறான். அவனுக்கும் உயரம் அதே இருபதுதான்."

அவள் மேலே பேசுவதற்குள் அண்ணி தண்ணீர்ச் செம்புடன் வந்துவிட்டாள். அண்ணன் அதை வாங்கும்போது செம்பு தட்டின் விளிம்பில் இடித்து இரண்டு தரம் ஒலித்தது. 

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தாள். உயரம், எடை, நேரம் என்று கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தாள். பள்ளியில் படித்ததுதான் என்றாலும் தன் கணக்கின்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் விடை ஒன்றாகவே வந்தது. பதினெட்டு மீட்டர் சும்மா விழுந்து, கடைசி இரண்டு மீட்டரில் நிறுத்தினால், அந்த நிற்கும் கணத்தில் அண்ணனின் உடம்பை இழுக்கும் சுமை அவன் எடையைப் போலப் பத்து மடங்கு. அவ்வளவும் இடுப்பைச் சுற்றிய ஒரு பட்டையில், முதுகெலும்பின்மேல். விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தப்பாக இருந்தால் தேவலையே என்று நாலாவது தரமும் போட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சண்டைப் பயிற்சி நடக்கும் கொட்டகைக்குப் போனாள். மாஸ்டர் இந்தப் பாகத்துக்குப் புதியவர். அந்தப் பயிற்சித் துண்டு எடுத்தபோது இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆகவே அதைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேசையில் டிரெய்லர் காட்சியின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் தாளாக வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் அளவுகள். எத்தனையாவது கட்டத்தில் உடம்பு எங்கே இருக்கிறது, எங்கே வேகம் குறைகிறது, எல்லாம் அச்சுப் பிசகாமல். அவள் ஒரு பிற்பகலில் விளையாட்டாகச் செய்ததை அந்த மனிதர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கயிற்றை நிறுத்தும் பிரேக்கை அதற்கேற்றபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.

சொன்னாள். திருப்பிப் போட்டதையும் கணக்கையும் கேட்டுவிட்டு மாஸ்டர் தாள்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு சுவரொட்டி ஒட்டுகிறவனைப் போல, பிரிந்திருந்த தாள் ஒன்றின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

"ஒரு நூல் மாறாம வேணும்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்? மணல் மூட்டை வச்சு விட்டுப் பார்த்தோம்."

"மூட்டை என்னாச்சு மாஸ்டர்?"

முதல் மூட்டை தையல் விட்டுப் பிரிந்துவிட்டது என்று அவர் மெல்லச் சொன்னார். இரண்டாவதை ரெட்டைச் சாக்கில் கட்டினார்களாம். அது தாங்கியது. கொட்டகை மூலையில் பிரிந்த மூட்டை கிடந்தது. அண்ணனின் எடைக்குச் சரியாக அளந்து போட்ட மணல், வாய் திறந்த சாக்கிலிருந்து தரையில் கொட்டிக் கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போது கத்திரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

முடியாது என்று மேலிடத்தில் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். தன்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்தால், முடியும் என்று சொல்கிற ஒருவன் நாளைக் காலை வந்து நிற்பான், அவன் ரெட்டைச் சாக்குகூடக் கட்ட மாட்டான் என்றார் மாஸ்டர். அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. விளம்பரப் பிரிவு தடுத்தால் நிறுத்தத் தயார், அவர்களைக் கேட்டுப் பார் என்று அனுப்பிவைத்தார்.

விளம்பரத் தலைவருக்குக் கம்பெனி முழுக்கத் 'தேதி சார்' என்றுதான் பெயர். அவர் அறைச் சுவரில் பதினோராம் பாகம் வரைக்கும் வெளியீட்டுத் தேதிகள் எழுதியிருந்தன. ஏழாம் பாகத்தைத் தவிர மற்றதற்குத் தலைப்புகூடக் கிடையாது. கோபக்காரராக இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, அவள் திக்கித் திணறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். திருப்பிப் போட்டது என்றதும் புருவத்தை உயர்த்திப் பிரமாதம் என்றார். நோட்டைக் காட்டினாள். அதையும் வாங்கிப் பார்த்தார்.

"மாஸ்டர் முடியாதுன்னு சொல்றாரா?"

"நீங்க வேணாம்னா நிறுத்துறேன்னு சொல்றார் சார்."

"அப்போ முடியாதுன்னு சொல்லல. உங்க அண்ணன்?"

"அவனால எப்படி சார் சொல்ல முடியும்?"

"அவரும் சொல்லல." நோட்டை மூடிப் பூப்போலத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்குப் பயமா இருக்குல்ல கத்திரி? அந்தப் பயம்தான் வேணும். ஆறு பாகமா அதத்தான் தேடிட்டிருக்கோம். பார்க்கிறவனுக்கு ஒரு செகண்டாவது வயிறு கலங்கணும்."

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தான் சரியாகச் சொல்லவில்லையோ, வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்று படிக்கட்டில் நின்றபடி குழம்பினாள். திரும்பிப் போய்க் கதவைத் தட்டவும் கை வரவில்லை. மாஸ்டர் அவரைக் கைகாட்டுகிறார், அவர் மாஸ்டரைக் கைகாட்டுகிறார், இரண்டு பேரும் சேர்ந்து அண்ணனைக் கைகாட்டுகிறார்கள், அண்ணனோ ஒன்றும் பேசாமல் மேலே ஏறப்போகிறான். யாரும் அவனைத் தள்ளப்போவதில்லை. ஆனாலும் வியாழக்கிழமை அவன் விழுந்துவிடுவான்.

அண்ணியிடம் சொல்லிவிடலாமா என்று புதன்கிழமை முழுக்க யோசித்தாள். மூன்று தரம் போனை எடுத்தாள். ஒரு தரம் அண்ணி எடுத்தே விட்டாள். நாளைக்கு எந்த நிறப் புடவை கட்டினால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று அண்ணி கேட்க, இவள் நீலம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை திறந்தவெளியில் இரும்புக் கோபுரம் வெயிலில் நின்றது. எதிரே பந்தல் போட்டுப் பத்திரிகையாளர்களை உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணி நீலப் புடவையில். கோபுரத்தின் அடியில் கத்திரிக்கு ஒரு மேசையும் திரையும். இன்று எடுக்கும் காட்சி டிரெய்லரோடு கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. தன் தவறு சரியாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்கத் தன்னையே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தான். இடுப்புப் பட்டையை மாஸ்டர் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உடுப்பின் முதுகில் மஞ்சள் துணி ஒன்று முழங்கால் வரை தொங்கும். ரசிகர்கள் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தாலும் வேலை செய்கிறவர்களுக்கு அது 'போர்வை'. அவன் மேசையைத் தாண்டிப் போகும்போது முகமூடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தான். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி என்று உடுப்புக்காரர் அவள் காதில் சொன்னார்.

அவன் ஏணியில் ஏறத் தொடங்குமுன் மூட்டையை ஒரு தரம் விட்டுப் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக மூட்டைக்கும் பழைய உடுப்பு ஒன்றைப் போட்டு, போர்வையும் கட்டியிருந்தார்கள். மாஸ்டர் கை காட்டினார். மூட்டை வந்தது. வந்த வேகத்தில் காற்றே கிழிந்ததுபோல ஒரு ஓசை. தரைக்கு ஒரு முழம் மேலே அது வெடுக்கென்று நிற்கையில், கயிறு போட்ட சத்தத்தில் பந்தலில் யாரோ ஐயோ என்றார்கள். கத்திரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மூட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த ஆள் உள்ளங்கையைத் தட்டினான். மணல் உதிர்ந்தது.

தேதி சார் கைதட்டினார். பந்தலும் தட்டியது. அண்ணன் ஏணியில் கால் வைத்தான்.

என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தாள் அவள். இப்போது பதிவான மூட்டையின் காட்சியையும் டிரெய்லர் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். அவசரத்தில் இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டது. முப்பதாவது கட்டத்தில் நின்றாள்.

டிரெய்லரில் போர்வை காலோடு ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கியது. மேலே இழுக்கப்படுகிறவனின் துணி அப்படித்தானே தொங்கும். மூட்டை நிஜமாக விழுந்ததால் அதன் போர்வை காற்றில் மேலே எழும்பி, முன்பக்கம் கவிழ்ந்து, தலையையும் மார்பையும் மூடிவிட்டிருந்தது. மார்பில் இருக்கும் கவசனின் முத்திரை துளியும் தெரியவில்லை. கீழே வருவது பறக்கும் வீரன் மாதிரியே இல்லை. கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போன துவைத்த துணி மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பாதி ஏணியைத் தாண்டியிருந்தான்.

நாற்காலி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள். தேதி சார் பந்தலில் ஒரு பத்திரிகையாளரிடம் உண்மையின் சக்தி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முதுகெலும்பைப் பற்றிப் பேசவில்லை. பத்து மடங்கைப் பற்றியும் பேசவில்லை. அதெல்லாம் ஏற்கனவே பேசியாகிவிட்டது.

"சார், டிரெய்லரோட ஒத்துப்போகாது. போர்வை மேல வந்துருது. முத்திரை தெரியாது."

அவர் முகம் மாறியது. அத்தனை வருடத்தில் அவர் முகம் மாறி அவள் பார்த்தது அதுதான். வேகமாக மேசைக்கு வந்து திரையைக் குனிந்து பார்த்தார். முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். போர்வையைத் தைத்துவிட முடியாதா என்று உடுப்புக்காரரைக் கேட்டார். தைத்தால் உடம்போடு இறுகி, டிரெய்லரில் இருக்கும் அந்த அலை வராது என்றாள் கத்திரி. சொன்னது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. முதல் முறையாக, சந்தேகம் இருந்தும் குரல் நடுங்காமல் சொன்னாள்.

"கடைக்குப் போற கவசன் பொம்மை எல்லாம் அச்சு வார்த்தாச்சு," என்றார் அவர், தனக்குத்தானே. "போர்வை கீழ தொங்குற மாதிரிதான் வார்த்திருக்கு."

கோபுரத்தின் உச்சியில் அண்ணன் விளிம்புக்கு வந்து நின்றான். மாஸ்டர் கையைப் பாதி உயர்த்தியிருந்தார். கீழே நாலைந்து பேர் மூச்சுவிடாமல் தேதி சாரையே பார்த்தார்கள். அவரோ பொம்மையை நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு அவள் பதிவில் பார்த்தாள். பதினான்கு நொடி. அவள் வாழ்க்கையில் அதற்கு மேல் நீளமான எதையும் பார்த்ததில்லை.

"நிறுத்துங்க. மேலேர்ந்து விட வேணாம். கீழேர்ந்து இழுத்து எடுங்க, இவங்க திருப்பிப் போட்டுக்குவாங்க."

தேதி சார் பந்தலுக்குப் போய், காற்று வீச்சு சரியில்லை, கலைஞரின் பாதுகாப்புதான் எங்களுக்கு முதன்மை என்று அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பேருந்துகள் வந்து பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு போயின. பிறகு அண்ணன் இறங்கி வந்து, கயிற்றில் கட்டப்பட்டு, மேலே இழுக்கப்பட்டான். ஆறு நொடி. ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் கத்திரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஆறு நொடியையும் எண்ணினாள்.

இறக்கிவிட்டதும் முகமூடியைக் கழற்றினான். தலை முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. என்ன சொல்லி நிறுத்தினாய் என்று கேட்டான். சொன்னாள்.

"போர்வையா?" என்றான்.

"ம்."

அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. துணியைத் தோளுக்கு மேலாக இழுத்து, நாலு விரலில் பிடித்து, கடையில் தரம் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தான்.

தேதி சார் அந்தப் பக்கம் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். கத்திரியின் கண்ணுக்கு ஒரு நமஸ்காரம் என்றார். அண்ணனின் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க தவளை. எட்டாம் பாகத்துல உடுப்பு மாத்துறோம். போர்வையே கிடையாது. அப்போ தாராளமா விழலாம்."

"சரி சார்," என்றான் அண்ணன்.

அவர் போய்விட்டார். சரி என்றது தன் வாய்தானா என்பதுபோல அண்ணன் நின்றான். பந்தல் காலியாகிவிட்டதால் அண்ணி நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே, இன்றைக்கு விழப்போவதே இல்லையா என்று கையால் கேட்டாள். கத்திரி குனிந்து அண்ணனின் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை.

"விடாத," என்றான் அவன் மெல்ல. "அவ வர்ற வரைக்கும் பிடிச்சுக்க. கால் நிக்க மாட்டேங்குது."

அவள் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காட்சியைத் திருப்பிப் போட்டதிலிருந்தா, மணல் உதிர்ந்த மூட்டையிலிருந்தா, அண்ணியிடம் எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணி, இங்க வாங்க," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."